கம்பி பிடிப்பவன்

எங்கள் படகு ஏழரைக்கு. துறைக்கு ஒரு மணி நேர ஓட்டம்.
இப்போது மூன்று பத்து.
ஹியுமா தீவின் மேற்கு முனையில்
பைன் மரங்களுக்கிடையே வண்டி நின்றதும்
மைமு நிமிர்ந்து பார்ப்பது கடலை அல்ல,
கிளைகளை.

"அது" என்கிறாள்.
எது என்று எனக்குத் தெரிந்ததேயில்லை,
பன்னிரண்டு வருடமாக.

துணிப்பையில் முந்நூறு கிராம் ஈயம்,
அதன் வாலில் ஆரஞ்சு நூல்.
காலை அகட்டி, இரு கைகளாலும் ஊசலாட்டி
மேலே விடுகிறாள்.
முதல் எறி என் தொப்பிக்கு அருகில்.
இரண்டாவது, வேறொரு மரத்துக்கு.
மூன்றாவதற்குப் பின்
எங்கள் மொழியில் வசவுகள் போதாது என்கிற
அவளுடைய பழைய வருத்தம்.
நான்காவதில் ஈயம் கவட்டையைத் தாண்டி
மறுபுறம் இறங்கி வருகிறது
கிணற்று வாளி மாதிரி, சமர்த்தாக.

என் வேலை எளிது.
இருபது மீட்டர் செம்புக் கம்பியை
முறுக்கு விழாமல் விட்டுக்கொடுத்தபடியே
பின்னோக்கி நடப்பது:
புதருக்குள், எறும்புப் புற்றைச் சுற்றி.
"இழுக்காதே" என்பாள்.
"தொய்யவிடாதே" என்பாள்.
இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது.
அதைக் கண்டுபிடிக்க எனக்குக்
கல்யாணத்தைவிட அதிக நாள் பிடித்தது.

முளைகள் ஐந்து. அடிக்க ஒரு கல்.
மீட்டரில் முள் ஒன்று புள்ளி மூன்றுக்கு வந்ததும்
அவள் என்னை மறந்துவிடுகிறாள்.

ஐந்து வாட்.
வீட்டில் குளிர்பெட்டிக்குள் எரியும் பல்பு
இதைவிடப் பெரிது.
தொடையில் கட்டிய மோர்ஸ் சாவியை
இரண்டு விரல் தட்டுகிறது:
யாராவது உண்டா, யாராவது உண்டா.
காதுக்கருவிக்குள் அவளுக்கு மட்டும் ஆகாயம்.
எனக்கு அலை, காற்று,
பதிலை எதிர்பாராத ஒரு மரங்கொத்தி.

மல்லாந்து கிடந்தபோதுதான் கண்டேன்.
அதே கவட்டையில் இன்னொரு நூல்.
பச்சையாக இருந்திருக்க வேண்டும்,
வெயில் குடித்தது போக மிச்சம்.
முனையில் ஒரு முடிச்சு.
சொல்ல வாயெடுத்தேன்.
அவள் முதுகு நிமிர்ந்திருந்தது.
அப்படி நிமிர்ந்தால்
யாரோ கிடைத்துவிட்டார்கள் என்று பொருள்.

அசோரஸ் தீவொன்றில் துவார்த் என்பவன்.
உன் குரல் மெலிவு, என்றான்.
இங்கே மழை, என்றான்.
எழுபத்து மூன்று, என்றான்;
அந்த எண்ணுக்கு அன்புடன் என்று அர்த்தமாம்.
அவ்வளவுதான்.
நாலாயிரம் கிலோமீட்டருக்கு அந்தப் பக்கம்
சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.
மைமு நோட்டில் ஒரு வரி எழுதினாள்.
நேரத்தை மட்டும் இரண்டு முறை சரிபார்த்தாள்.

இனி எல்லாம் தலைகீழ்.
கம்பி, பலகையில் எட்டுப் போட்டு எட்டுப் போட்டு;
வளையமாகச் சுற்றினால் அடுத்த முறை
அரை நாள் சிக்கெடுக்கலாம்.
கேபிள், பேட்டரி, மீட்டர்.
கடைசியாக நூல்.
இழுத்தாள். வரவில்லை.
நானும் சேர்ந்து இழுத்தேன்.
கிளை வந்தது, கொஞ்சம் மரப்பட்டை வந்தது.
ஈயப்பை போய் உட்கார்ந்திருந்தது
அந்தப் பச்சை முடிச்சின் மேலேயே.

"அது யாருடையது?"
அண்ணாந்து பார்த்துக்கொண்டேயிருந்தாள்.
"தெரியாது. ஆனால் இடது கைக்காரன்."

ஆறு ஐந்து. வெளிச்சம் மரத்தின் இடுப்புக்கு இறங்கிவிட்டது.
மைமு கத்தியைத் திறந்தாள்.
அறுக்கும் முன் நூலை ஒரு நொடி விறைப்பாகப் பிடித்தாள்,
இழுக்காமல், தொய்யவிடாமல்.

"அடுத்து வருபவன் திட்டப்போகிறான்" என்றேன்.
"நான்காவது எறியில் திட்டுவான்" என்றாள்.

பிறகு முளைகளை எண்ணினாள்.
நான்கு.
டார்ச் வெளிச்சத்தில் பாசியைத் தடவித் தடவி
இருபது நிமிடம்,
படகுத்துறை வரை பேச்சில்லாமல் வேகம்,
தளத்தட்டு உயரும் முன் கடைசி வண்டி நாங்கள்.

மேல்தளத்தில் குளிருக்குக் கோட்டுப் பையில் கை விட்டேன்.
பிசின் ஒட்டிய விரல்களில்
சில்லென்று ஏதோ பட்டது.

இன்னும் சொல்லவில்லை.